ஹார்பர்ல கூட்ஸ் வண்டி படம் எடுக்க எந்த லென்ஸ்?

கேள்வி, 5 நவம்பர் 2023

காலேஜ் ரெண்டாம் வருஷம் படிக்கிறேன். புதுசா கேமரா வாங்கியிருக்கேன், கூட வந்த 18-55 லென்ஸ் மட்டும்தான் கையில. சென்னை ஹார்பர் பக்கம் கூட்ஸ் வண்டி எடுக்கணும்னு ரொம்ப நாள் ஆசை. தூரத்துல இருக்கிறதைக் கிட்ட இழுக்கிற 70-300 லென்ஸ் இல்லாம போனா வேஸ்ட்டா? எந்த நேரம் போகணும்? உள்ள விடுவாங்களா?

5 நவம்பர் 2023, இரவு 10.20

கடைசிக் கேள்விக்கு முதல்ல பதில். விடமாட்டாங்க. கேட்டுல நிக்கிறது சி.ஐ.எஸ்.எஃப்., மத்தியப் பாதுகாப்புப் படை. 2004 ஜூலையில சர்வதேசக் கப்பல் பாதுகாப்பு விதி வந்ததுலேர்ந்து பாஸ் இல்லாம ஈ கூட நுழைய முடியாது. எங்க அப்பா உள்ள டாலி கிளார்க்கா (சரக்கை எண்ணிக் குறிக்கிற வேலை) இருந்த காலத்துல மத்தியானச் சாப்பாடு கொண்டுபோற சாக்குல நான் நுழைஞ்சிருக்கேன். அது வேற காலம்.

உனக்கு உள்ள போக வேண்டியதே இல்லை. வண்டி எப்படியும் வெளிய வரணும். ராயபுரம், வண்ணாரப்பேட்டை, கொருக்குப்பேட்டை, தண்டையார்பேட்டைன்னு லோக்கல் ஸ்டேஷன் வரிசையா இருக்கு. டிக்கெட் எடுத்துக்க, பிளாட்பாரத்துல நில்லு, ஸ்டேஷன் மாஸ்டர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்க. தண்டவாளத்துல இறங்காத. ரயில்வே சட்டம் 147-ஆம் பிரிவு, ஆறு மாசம் வரைக்கும் ஜெயில், இல்லன்னா ஆயிரம் ரூபாய் வரைக்கும் அபராதம், ரெண்டும் சேர்த்தும் கிடைக்கலாம்.

லென்ஸ்: 70-300 வாங்கு. 18-55 வச்சிக்கிட்டு இன்ஜின் முகத்தை நெருக்கிப் பிடிக்க முடியாது. (இதைப் பின்னாடி திருத்தியிருக்கேன், கீழ பாரு.)

6 நவம்பர், காலை 6.50

நேரத்தைப் பத்திச் சொல்ல மறந்துட்டேன். கடல் கிழக்க, நாம நிக்கிறது மேற்க. காலையில சூரியன் நேரா லென்ஸுக்குள்ள வந்து உட்காரும், வண்டி கருப்பு அட்டை மாதிரி விழும். சாயந்திரம் நாலுக்கு மேல வெளிச்சம் நம்ம முதுகுக்குப் பின்னாடி. பத்துலேர்ந்து மூணு வரைக்கும் போகவே போகாத, ஜல்லி மேல கானல் ஆடும், எவ்வளவு காஸ்ட்லி லென்ஸா இருந்தாலும் தண்ணிக்குள்ள எடுத்த மாதிரிதான் வரும்.

8 நவம்பர், இரவு

ஒருத்தர் கேட்டிருந்தார்: வாக்-9 (டபிள்யூ.ஏ.ஜி.9) கரண்ட் இன்ஜின் கப்பல் பக்கத்துல நிக்கிற மாதிரி எடுக்கலாமான்னு. நான் அவசரத்துல "கிடைச்சா அதிர்ஷ்டம்"னு எழுதிட்டேன். தப்பு. கிடைக்காது.

மேல கம்பி இருந்தாத்தான் கரண்ட் இன்ஜின் ஓடும். கப்பல்லேர்ந்து கிரேன் சரக்கை இறக்குற இடத்துல தலைக்கு மேல 25,000 வோல்ட்டுக் கம்பி இழுத்து வச்சா என்ன ஆகும்? அதனால கரண்ட் இன்ஜின் ரேக்கை, அதாவது மொத்த வேகன் வரிசையை, யார்டுல விட்டுட்டுக் கழண்டுடும். அங்கேர்ந்து டீசல் ஷண்டிங் இன்ஜின்தான் (வேகனை இடம் மாத்துற சின்ன இன்ஜின்) உள்ள தள்ளும். நான் சின்ன வயசுல பார்த்தது டபிள்யூ.டி.எஸ்.6, ஒரு பக்கம் மட்டும் கேபின், நீளமான மூக்கு. பேரைப் பிரிச்சா, டபிள்யூ அகலப்பாதை, டி டீசல், எஸ் ஷண்டிங். வாக்-9-ல ஏ கரண்ட், ஜி கூட்ஸ். அவ்வளவுதான் ரகசியம்.

25,000 வோல்ட்டுன்னதும் இன்னொண்ணு. நடைமேம்பாலத்துல நின்னு செல்ஃபி ஸ்டிக், மோனோபாட் எதையும் கம்பிப் பக்கம் நீட்டாத. தொடவே வேண்டாம், கிட்டப் போனாலே தாவிப் பிடிக்கும்.

8 நவம்பர், கொஞ்ச நேரம் கழிச்சு

தள்ளும்னு எழுதினேன் பாருங்க, அது சும்மா வந்த வார்த்தை இல்லை. ஹார்பர்ல பாதி நேரம் இன்ஜின் பின்னாடிதான் இருக்கும். முதல்ல வர்றது வேகன். அதோட படிக்கட்டுல தொத்திக்கிட்டு ஒரு பாயின்ட்ஸ்மேன், டிரைவருக்குச் சைகை காட்டுற ஊழியர், கையில பச்சையும் சிவப்பும் சுருட்டின கொடி. இன்ஜின் முகத்துக்குக் காத்திருந்தவன் நாற்பது வேகன் போன பிறகு இன்ஜினோட பின்பக்கத்தைத்தான் பிடிப்பான். நான் பல வருஷம் அந்த "அவன்".

12 நவம்பர்

தீபாவளி. வானம் முழுக்கப் புகை. யாரும் கிளம்பாதீங்க.

20 நவம்பர், அதிகாலை 1.15

தூக்கம் வரல. காரணம் எல்லாருக்கும் தெரியும், கிரிக்கெட் உலகக் கப் போச்சு.

ஆனா நேத்து சாயந்திரம் நான் டி.வி. முன்னாடி இல்லை. ஃபைனல் அன்னிக்கு பிளாட்பாரம் காலியா இருக்கும்னு கணக்குப் போட்டு நாலு மணிக்கே போயிட்டேன். காலியாத்தான் இருந்துச்சு, ஒரு நாயும் நானும். வெளிச்சம் பிரமாதம், கறிவேப்பிலை வாடுறதுக்கு முன்னாடி இருக்கிற பச்சை மாதிரி மரமெல்லாம் மினுங்குது. ஒரு கன்டெய்னர் ரேக் மெதுவா ஊர்ந்து வந்து எனக்கு எதிர்லயே நின்னுடுச்சு. இன்ஜின் கண்ணுக்கெட்டாத தூரத்துல பின்னாடி. முன் வேகன் படியில ஒரு பாயின்ட்ஸ்மேன், ஐம்பது வயசிருக்கும்.

"தம்பி, ஸ்கோர் என்னா?"

"கோலி அவுட்டுண்ணே. 54."

மனுஷன் அப்படியே கொடியோட சேர்த்து கையைத் தூக்கித் தலையில வச்சிக்கிட்டார். பின்னாடி நீலம், ஆரஞ்சு, சிவப்புன்னு பெட்டி பெட்டியா கன்டெய்னர், சாய்ஞ்ச வெயில், தலையில கை வச்சிக்கிட்டு ஒரு ஆள். அழுத்திட்டேன். கையில இருந்தது 35 எம்.எம். லென்ஸ். 70-300 பைக்குள்ள தூங்குது.

பதினஞ்சு வருஷமா எடுக்கிறேன். இதை விட நல்ல படம் என்கிட்ட இல்லை, இதுல இன்ஜினே இல்லை. அதனால 5-ஆம் தேதி எழுதினதை வாபஸ் வாங்குறேன். தம்பி, 18-55 போதும். காசை வச்சிக்க.

20 நவம்பர், மதியம்

படத்தைப் போடச் சொல்லி நாலு பேர் கேட்டுட்டீங்க. போடமாட்டேன். அவர் டியூட்டியில இருந்த ஆள், முகம் தெளிவா இருக்கு, வண்டி நின்ன நேரத்துல ஸ்கோர் கேட்டார்னு யாராவது அதுல குத்தம் கண்டுபிடிச்சா? ஒரு பிரின்ட் போட்டு வச்சிருக்கேன். மறுபடி பார்த்தா கையில கொடுப்பேன்.

26 நவம்பர்

வேகன் மேல எழுதியிருக்கிற நம்பரைப் பத்திக் கேட்டவருக்கு. இது என் பலவீனம், கொஞ்சம் நீளும்.

பதினோரு இலக்கம். முதல் ரெண்டு வேகன் வகை. அடுத்த ரெண்டு எந்த ரயில்வேக்குச் சொந்தம். அஞ்சும் ஆறும் கட்டின வருஷம். அதுக்கப்புறம் நாலு இலக்கம் அந்த வேகனோட சொந்த நம்பர். கடைசி ஒண்ணு சரிபார்ப்பு இலக்கம். அதாவது மத்த பத்தையும் ஒரு கணக்குல போட்டா அது வரணும்: ரெட்டைப்படை இடத்துல இருக்கிறதைக் கூட்டி மூணால பெருக்கு, ஒத்தைப்படை இடத்துல இருக்கிறதைக் கூட்டி அதோட சேரு, அடுத்த பத்தின் மடங்குக்கு எவ்வளவு குறையுதோ அதுதான் கடைசி இலக்கம்.

கன்டெய்னர் நம்பருக்கும் பதினோரு இடம்தான்! நாலு எழுத்து, ஆறு இலக்கம், கடைசியில சரிபார்ப்பு. கணக்கு மட்டும் வேற. அப்பா வேலையே இதுதான், கப்பல்லேர்ந்து இறங்குற ஒவ்வொண்ணையும் நோட்டுல எழுதி டாலி பண்றது. ரிட்டயர் ஆன பிறகும் ரோட்டுல டிரெய்லர் போனா உதடு அசையும், நம்பர் படிப்பார். ஹார்பர் ஜீரோ கேட்டு முன்னாடி டிரெய்லர் கியூ எக்ஸ்பிரஸ் ரோட்டுல மைல் கணக்கா நிக்கிற நாள்ல அவரைப் பஸ்ல கூட்டிட்டுப் போனா போதும், பொழுது போயிடும்.

இதே துறைமுக ஆபீஸ்ல 1912-லேர்ந்து மாசம் முப்பது ரூபாய்க்குக் கணக்கு எழுதினவர் ராமானுஜன். அவருக்கு இந்த நம்பர்களைக் காட்டியிருந்தா என்ன சொல்லியிருப்பார்னு அப்பாகிட்ட ஒரு தடவை கேட்டேன். "முதல்ல லெட்ஜரை முடிடான்னு மேலதிகாரி சொல்லியிருப்பான்"னார். சரித்திரம் அப்படி இல்லை, மேல இருந்த துறைமுகத் தலைவர் சர் பிரான்சிஸ் ஸ்பிரிங்தான் அவருக்குக் கைகொடுத்தவர். அந்த ஸ்பிரிங் துறைமுகத்தையே திருப்பிக் கட்டின ஆள். கிழக்கப் பார்த்துத் திறந்திருந்த வாயில் வடகிழக்குக்கு மாறினது அவர் காலத்துலதான்.

27 நவம்பர்

யாரோ கேட்கிறீங்க, ராயபுரம் ஸ்டேஷன் ஹார்பருக்காகக் கட்டினதான்னு. தலைகீழ். ஸ்டேஷன் 1856 ஜூன் 28-ல திறந்தாச்சு, ஜூலை 1-ல வாலாஜா ரோடுக்கு வண்டி விட்டாச்சு. அன்னிக்கு ஹார்பரே கிடையாது. கப்பல் தூரத்துல நிக்கும், சரக்கு மசூலா படகுல, பலகையைக் கயித்தால தைச்ச படகு அது, அலை தாண்டி வரணும். சுவர் கட்ட ஆரம்பிச்சு, அதையும் 1881 புயல் உடைச்சுப் போட்டுடுச்சு. ஹார்பர்தான் தம்பி, ஸ்டேஷன் அண்ணன். இன்னிக்கும் நிக்கிற ஸ்டேஷன் கட்டடங்கள்ல இந்தியாவுலயே பழசு அதுதான். தூண்களைப் படம் எடுக்கிறவங்க நிறையப் பேர், முதுகைத் திருப்பினா எதிர்ல கூட்ஸ் போகுது, அதைப் பார்க்கிறவங்க கம்மி.

17 டிசம்பர்

புயல், வெள்ளம், கரண்ட் இல்லாம நாலு நாள். கேமரா பையை அரிசி டிரம் மேல வச்சதால தப்பிச்சது. பூஞ்சை வராம இருக்க லென்ஸை வெயில்ல வைக்காதீங்க, சிலிக்கா ஜெல் போட்ட டப்பாவுல மூடி வைங்க. கடல்காத்து படுற இடத்துல எடுத்தா வீட்டுக்கு வந்ததும் ஈரத்துணியால வெளிப்பக்கம் துடைச்சிடணும், உப்பு காய்ஞ்சா கண்ணாடியில கீறும்.

எண்ணூர்ல முகத்துவாரம் முழுக்க எண்ணெய் படிஞ்சு கிடக்கு. படகுக்காரங்க கையால அள்ளிக்கிட்டிருந்தாங்க. கூட்ஸ் எடுக்கத்தான் அத்திப்பட்டு பக்கம் போனேன், பையைத் திறக்க மனசு வரல.

30 டிசம்பர்

நிலக்கரி வண்டி வேணும்னு கேட்டவருக்கு: சென்னை பீச் ஸ்டேஷன்லேர்ந்து கும்மிடிப்பூண்டி லோக்கல் ஏறி அத்திப்பட்டு புதுநகர்ல இறங்கு. அங்கதான் எண்ணூர் காமராஜர் துறைமுகம், 2001-ல வந்தது, ஆரம்பத்துல கரிக்காகவே கட்டினது. ஒடிசாவுலேர்ந்து கப்பல்ல வர்ற கரியில வடசென்னை அனல்மின் நிலையத்துக்குப் போறது கன்வேயர் பெல்ட்டுல போயிடும், அதுக்கு ரயில் வேண்டாம். மேட்டூருக்குப் போறதுதான் ரேக்ல. பாக்ஸன் வேகன், மேல மூடி இல்லாத பெட்டி, அம்பத்தெட்டு, கடைசியில கார்டு வேன். 2022-லேர்ந்து கார்டுன்னு சொல்லக்கூடாது, டிரெயின் மேனேஜர். வேனுக்கு இன்னும் மேனேஜர் வேன்னு யாரும் சொல்லக் கேட்டதில்லை.

31 டிசம்பர்

நேத்து அம்பத்தெட்டுன்னேன். படத்தைப் போட்டு எண்ணினா அம்பத்தொன்பது வருது. ரெண்டு விதமாவும் ஓடுது. வண்டி போகும்போது வாயால எண்ணாதீங்க, நடுவுல ஒரு கொட்டாவி விட்டா போச்சு.

9 ஜனவரி 2024

"2011-க்கு முன்னாடி சென்னை ஹார்பர்லேர்ந்து வெளிய வர்ற கரி வண்டி படம் இருக்கா?" இந்தக் கேள்வி ரெண்டு நாளா என்னைக் குடையுது.

உயர் நீதிமன்ற உத்தரவால 2011 அக்டோபரோட சென்னைத் துறைமுகத்துல கரி, இரும்புத் தாது ரெண்டும் நின்னுடுச்சு. ஊருக்கு நல்லதுதான், அதுல எனக்கு ரெண்டாவது எண்ணம் இல்லை. அதுக்கு முன்னாடி தினம் வண்டி. தாது உள்ள போகும், கரி வெளிய வரும். நான் அப்பவே கேமரா வச்சிருந்தவன். தேடிப் பார்த்தேன். ஆல்கோங்கிற பழைய டீசல் இன்ஜின் படம் நூத்துக்கும் மேல. புகை விட்டுக்கிட்டு, விடாம, நுனி மூக்கு வரைக்கும் ஷார்ப்பா. கரி வேகன் ஒண்ணு கூட இல்லை. இன்ஜின் ஃப்ரேமைத் தாண்டினதும் கேமராவை இறக்கிடுவேன். அழுக்கு வேகன், என்ன இருக்கு அதுலன்னு.

ஒரு சத்தம் மட்டும் ஞாபகம் இருக்கு. லோடு ஏத்தின பாக்ஸன் கிளம்புறப்ப வேகனை இணைக்கிற கப்ளிங் ஒண்ணொண்ணா இழுபடுமே, டக் டக் டக்குன்னு முன்னாடியிருந்து பின்னாடி வரைக்கும் ஓடுமே, அது. சத்தத்தை எங்க போய் படம் எடுக்க.

14 ஜனவரி

"என்ன இருக்கு அதுல"ன்னு எழுதினதும் பழைய கதை ஒண்ணு ஞாபகம் வந்துச்சு. வேற ஊர், வேற துறைமுகம், பேர் வேண்டாம். உரம் ஏத்தின ரேக் ஒண்ணு கேட்டுக்குள்ள போகுது. நான் வெளி வேலியோரம். வேலின்னு நான் நினைச்சது வேலி இல்லை, எல்லை எப்பவோ எனக்குப் பின்னாடி போயிருக்கு. ரெண்டு பேர் வந்து கூட்டிட்டுப் போயிட்டாங்க. ரெண்டு மணி நேரம் ஒரு ரூம்ல, ஃபேன் மட்டும் சுத்துது. ஒரு ஆபீசர் கேமராவை வாங்கி ஒவ்வொரு படமாத் தள்ளிப் பார்த்தார். அறுபது எழுபது படம். பார்த்துட்டு, கோபமெல்லாம் இல்லை, நிஜமாவே புரியாமக் கேட்டார்: "இதுல என்னங்க இருக்கு? வண்டிதானே?"

எனக்குப் பதில் வரல. கார்டை அழிச்சுட்டு டீ வாங்கிக் கொடுத்து அனுப்பிட்டாங்க. தப்பு என் பேர்லதான். பதில் மட்டும் இன்னும் தேடிக்கிட்டிருக்கேன்.

15 ஜனவரி

பொங்கல் வாழ்த்து. "அந்த ஆபீசர் சரியான எம்டன்"னு ஒருத்தர் எழுதியிருக்கார். ஐயா, அந்த வார்த்தையே நம்ம ஹார்பர்ல பிறந்தது! 1914 செப்டம்பர் 22 ராத்திரி எம்டன்கிற ஜெர்மன் போர்க்கப்பல் வந்து பர்மா ஆயில் டேங்க்கைச் சுட்டுக் கொளுத்திட்டுப் போச்சு. டேங்கர் ரேக் போறப்பெல்லாம் எங்க பாட்டி அந்தக் கதையைச் சொல்லும், நடந்தது என்னவோ பாட்டி பிறக்கறதுக்கே முன்னாடி. தானே நேர்ல பார்த்த மாதிரி சொல்லும்.

3 பிப்ரவரி

6-ஆம் தேதி நவம்பர்ல "காலையில போகாத"ன்னு எழுதினதுக்கு ஒரு ஒட்டு. இன்னிக்கு ஆறரைக்குப் போனேன். மார்கழி முடிஞ்சும் பனி விடல. வேகன் மேல ஏறி நின்ன ஒரு ஆள், வேலைக்காரர், கறுப்பு உருவமா, பின்னாடி கிரேன் வரிசை சாம்பல் நிறத்துல. முகம் தெரியல, அதனால போடலாம். போட்டிருக்கேன். கருப்பு அட்டைன்னு திட்டினது நான்தான்.

18 பிப்ரவரி

கிடைச்சிடுச்சு.

அம்மா பரண்லேர்ந்து இறக்கின பெட்டியில நெகட்டிவ் உறை ஒண்ணு. 1998, எங்க பழைய வீட்டு மொட்டை மாடி. தங்கச்சி அஞ்சாவது, ரெட்டை ஜடை, ஸ்கூல் டான்ஸுக்கு மேக்கப் போட்டு நிக்குது. எடுத்தது அப்பா, யாஷிகா கேமராவுல. அதுக்குப் பின்னாடி, கைப்பிடிச் சுவருக்கு அந்தப் பக்கம், இடதுலேர்ந்து வலது வரைக்கும் பாக்ஸன். கரி குவிச்ச வேகன் பதினேழு எண்ணினேன், ஃபோகஸ் இல்லை, ஆனா குவியலோட மேடு பள்ளம் தெரியுது. ஓரத்துல அம்மா, கொடியில காயப்போட்ட துணியை அவசர அவசரமா உருவிக்கிட்டிருக்கு. காத்து திரும்பியிருக்கும்.

தங்கச்சிக்கு ஸ்கேன் பண்ணி அனுப்பினேன். "லிப்ஸ்டிக் எவ்வளவு கேவலமா இருக்கு, டெலிட் பண்ணு"ன்னு பதில்.

19 பிப்ரவரி

அப்பாகிட்ட காட்டினேன். கண்ணாடியைக் கழட்டிக் கிட்ட வச்சுப் பார்த்தார். "நம்பர் தெரியலையே"ன்னார்.

10 மார்ச்

கேள்வி கேட்ட தம்பி படம் அனுப்பியிருக்கான், 18-55-ல எடுத்தது. தண்டையார்பேட்டை, சாயந்திரம், ஒரு பாக்ஸனோட பக்கவாட்டு மட்டும். துரு, சாக்பீஸ்ல யாரோ எழுதின கிறுக்கல், ஓவர்ஹால் தேதி, கதவுத் தாழ்ப்பாள்ல செருகியிருந்த ஒரு வேப்பங்குச்சி. நல்லாருக்கு. ஐ.எஸ்.ஓ. (வெளிச்சத்துக்கான உணர்திறன்) 1600 தேவையில்லை, வண்டி நின்னுக்கிட்டிருந்துச்சுன்னா ஷட்டர் வேகத்தை இறக்கியிருக்கலாம்.

கீழ நம்பரையும் எழுதி, "2018-ல கட்டின வேகன்"னு பெருமையா போட்டிருக்க. படம் சின்னதா இருக்கு, என்னால படிக்க முடியல, நீ எழுதினதை வச்சுக் கணக்குப் போட்டேன். கடைசி இலக்கம் 4 வரணும், நீ எழுதினது 9. அஞ்சு இடிக்குது. 3-ஐ 8-னு படிச்சா அது எந்த இடத்துல இருந்தாலும் சரியா அஞ்சுதான் இடிக்கும். அந்தத் துருவைப் பார்த்தா ஆறு வருஷத் துரு மாதிரியும் இல்லை. ஆறாவது இலக்கத்தைப் பெருசு பண்ணிப் பாரு, 13-ஆ இருக்கும்.

10 மார்ச், இரவு

13-தானாம். அப்பாகிட்ட சொன்னேன். "பையன் யாரு?"ன்னு கேட்டார்.